ஓஎல்இடி டிவி பத்து வருஷம் உழைக்குமா?

கேள்வி சுருக்கமாக இது: "55 இன்ச் ஓஎல்இடி டிவி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். பர்ன்-இன், அதாவது அசையாத படத்தின் நிழல் ஸ்கிரீனில் பதிந்துபோவது, வந்து இரண்டு வருஷத்தில் ஸ்கிரீன் கெட்டுவிடும் என்கிறார் ஒருவர். 1 லட்சம் மணி நேரம் ஓடும் என்கிறார் இன்னொருவர். பகலெல்லாம் அப்பா செய்தி சேனல் வைத்திருப்பார். ராத்திரி நான் படம் பார்ப்பேன், கேம் விளையாடுவேன். யார் சொல்வதை நம்புவது?"

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே உங்கள் கேள்விக்கான பதில் இல்லை. டிவி சர்வீஸ் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். என் வீட்டு ஹாலிலும் 2018-இல் வாங்கிய ஓஎல்இடி ஒன்று இன்னும் நன்றாக ஓடுகிறது. கையால் பிரித்துப் பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்த 1 லட்சம் மணி நேரக் கணக்கு. 2016 வாக்கில் எல்ஜி தரப்பில் சொன்ன எண் அது. இந்தத் துறையில் ஆயுள் என்று சொன்னால், புதிதாக இருந்தபோது இருந்த வெளிச்சம் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் என்று பொருள். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் டிவி ஓடினால் வருஷத்துக்கு 1,825 மணி. அந்தக் கணக்கில் 1 லட்சம் மணி என்பது 54 வருஷத்தைத் தாண்டும். அந்த எண்ணை நம்பாமல் 30,000 மணி என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 16 வருஷம் வருகிறது. அதற்குள் டிவியின் மற்ற பாகங்கள் போய்விடும், அல்லது நமக்கே வேறு டிவி மேல் ஆசை வந்துவிடும். ஆக, வெளிச்சம் மங்குவது பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஓஎல்இடி ஸ்கிரீன் மங்கிப்போய் யாரும் என்னிடம் கொண்டுவந்ததும் இல்லை. ஸ்கிரீனில் நிழல் தெரிகிறது என்றுதான் கொண்டுவருகிறார்கள். மொத்த ஸ்கிரீனும் பத்து வருஷத்தில் மெதுமெதுவாக 20 சதவீதம் மங்கினால் நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தை ஒரு படி கூட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம். அதுவே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே 2, 3 சதவீத வித்தியாசம் இருந்தால் போதும், கண் உடனே பிடித்துவிடும். சுவரில் பல வருஷம் தொங்கிய படத்தைக் கழற்றினால் அந்தச் சதுரம் மட்டும் தனியாகத் தெரியும், இல்லையா? அதுவரை அந்தச் சுவரின் நிறம் மாறியதே நமக்குத் தெரிந்திருக்காது. ஓஎல்இடியில் நடப்பது அதேதான். எவ்வளவு நேரம் ஓடியது என்பதைவிட, ஸ்கிரீன் முழுக்க ஒரே சீராகத் தேய்ந்ததா என்பதுதான் இங்கே ஆயுளைத் தீர்மானிக்கிறது. மற்ற எல்லாவற்றையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

பர்ன்-இன் என்று பெயர் வைத்துவிட்டதால் ஏதோ எரிந்துபோகிறது, கருகிப்போகிறது என்று நினைக்கிறார்கள். ஒன்றும் எரிவதில்லை. எல்சிடி டிவியில் பின்னால் ஒரு பொது விளக்கு இருக்கும், முன்னால் இருக்கும் பிக்சல்கள், அதாவது படத்தை உண்டாக்கும் குட்டிப் புள்ளிகள், ஜன்னல் மாதிரித் திறந்து மூடும். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒரு விளக்கு. 4கே ஸ்கிரீனில் ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல். எல்ஜி பேனலில் ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று நாலு துணைப் பிக்சல். ஆக 3 கோடியே 30 லட்சம் குட்டி விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயது. ஒரு சேனலின் லோகோ ஒரே மூலையில் தினமும் மணிக்கணக்கில் பளிச்சென்று எரிந்தால் அந்த இடத்து விளக்குகள் மட்டும் சீக்கிரம் கிழமாகின்றன. பிறகு ஒரே நிறம் ஸ்கிரீன் முழுக்க வரும்போது, கிழ விளக்குகள் இருக்கும் இடம் மங்கலாக, லோகோ வடிவத்தில் தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

தேய்மானம் ஏன் வருகிறது? இந்த விளக்கு கார்பன் சேர்மங்களால் ஆனது. மின்சாரம் பாயப் பாய அந்த மூலக்கூறுகளில் சில உடைந்து ஒளி தரும் திறனை இழக்கின்றன. எல்லா நிறத்திலும் நீலம்தான் பெரிய தலைவலி. நீல ஒளியின் ஆற்றல் அதிகம். ஒளி தரும் மூலக்கூறின் பிணைப்பையே அறுக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-இல் வெளியிட்ட முதல் நல்ல ஓஎல்இடி பச்சை நிறத்தில்தான் ஒளிர்ந்தது. அதற்குப் பிறகு சிவப்புக்கும் பச்சைக்கும் திறன் மிகுந்த சேர்மங்கள் கிடைத்தன. நீலத்தில் அந்த வகைச் சேர்மம் சீக்கிரம் செத்துவிடும் என்பதால், திறன் குறைந்தாலும் நிலைத்து நிற்கிற பழைய வகையையே டிவி பேனல்களில் நீண்ட காலம் வைத்திருந்தார்கள்.

2007-இல் சோனி விற்ற முதல் ஓஎல்இடி டிவி வெறும் 11 இன்ச். 2013-இல் 55 இன்ச் வந்தபோது சாம்சங் ஒரு வழியிலும் எல்ஜி இன்னொரு வழியிலும் போனார்கள். சாம்சங் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிச் சேர்மங்களாகப் பதித்தது. சீக்கிரமே அந்த வழியைக் கைவிட்டது. எல்ஜி எல்லா இடத்திலும் ஒரே வெள்ளை ஒளி அடுக்கை வைத்து, மேலே வண்ண வடிகட்டி போட்டது. வெள்ளை ஒளி தேவைப்படும் இடத்தில் வடிகட்டியே இல்லாத வெள்ளைத் துணைப் பிக்சல் எரியும். வண்ணத்தின் தூய்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆயுளை வாங்கினார்கள் என்று சொல்லலாம். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தத் தொழில்நுட்பம் பெரிய டிவியாக நம் வீடுகளுக்கு வந்திருக்காது. 2022-இல் சாம்சங் வேறு வழியில் திரும்பி வந்தது: நீல ஓஎல்இடி ஒளியைக் குவாண்டம் புள்ளிகள் என்ற மிக நுண்ணிய துகள்கள் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும். வண்ணம் அருமை. ஆனால் அதில் வெள்ளைத் துணைப் பிக்சல் கிடையாது, வெள்ளைக்கும் மூன்றும் எரிய வேண்டும்.

வெளிச்சத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினால் ஆயுள் பாதியாகும் என்று நினைப்போம். இல்லை, மூன்றில் ஒரு பங்காகவோ நாலில் ஒரு பங்காகவோ இறங்கிவிடும். மின்னோட்டம் கூடக் கூடத் தேய்மானம் அதைவிட வேகமாகக் கூடுகிறது, சூடும் சேர்ந்துகொள்கிறது. இதைத் திருப்பிப் பாருங்கள்: வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தாலே கிடைக்கும் லாபம் பெரிது. பேனல் செய்பவர்கள் இத்தனை வருஷமாகச் செய்துவருவதும் இதுதான், அதே வெளிச்சத்தைக் குறைந்த மின்னோட்டத்தில் வாங்குவது. 2021 இறுதியில் எல்ஜி டிஸ்ப்ளே அறிவித்த பேனலில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியம் வந்தது. அது ஹைட்ரஜனின் கனமான வடிவம். கார்பனோடு அது சேரும் பிணைப்பு அவ்வளவு எளிதில் அறுவதில்லை. 2023-இல் மேலே நுண்ணிய லென்ஸ்கள் வந்தன, உள்ளேயே சிக்கி வீணான ஒளியை வெளியே எடுக்க. 2025-இல் ஒளி அடுக்கையே நாலாக்கினார்கள், சுமை பகிர்ந்துகொள்ளப்படும்படி. 2015 டிவியின் கதையைக் கேட்டு இன்றைய டிவியைப் பற்றிப் பயப்படக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் ஒரு விஷயம். புதிய பேனலின் திறனில் ஒரு பகுதியை ஆயுளுக்குக் கொடுத்தால், இன்னொரு பகுதியைக் கூடுதல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கடை விளக்கில் பளபளக்கும் விவிட் மோடிலேயே வீட்டிலும் வைத்திருந்தால் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதியை நாமே செலவழித்துவிடுகிறோம்.

சரி, நிஜத்தில் எத்தனை மணி நேரத்தில் நிழல் விழும்? இதற்கு நான் மதிக்கிற பரிசோதனை ஆர்டிங்ஸ் என்ற கனடா நாட்டு நிறுவனம் 2018-இல் ஆரம்பித்தது. ஒரே மாடலில் ஆறு டிவி, எல்ஜி சி7. தினமும் 20 மணி நேரம் ஓட்டினார்கள், ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு மணி நேரம் ஓய்வு. ஒவ்வொன்றிலும் ஓடிய காட்சி மட்டும் வேறு. சிஎன்என் செய்திச் சேனலை முழு வெளிச்சத்தில் ஓட்டிய டிவியில் சில மாதங்களிலேயே நிழல் தெளிவாக விழுந்தது. அதே சேனலை 200 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) என்ற குறைந்த வெளிச்சத்தில் ஓட்டிய டிவி அதைவிட நன்றாகத் தாங்கியது. ஸ்கோர் பட்டை எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் கால்பந்து கேம் ஓடியதிலும் தடம் பதிந்தது. ஆனால் கால் ஆஃப் டூட்டி கேம் ஓடிய டிவி பல ஆயிரம் மணி நேரம் தாண்டியும் கண்ணுக்குத் தெரிகிற நிழல் இல்லாமல் இருந்தது. ஒரே தொழிற்சாலை, ஒரே பேனல், ஒரே மணிக்கணக்கு. திரையில் என்ன ஓடியது, எவ்வளவு பளிச்சென்று ஓடியது என்பதுதான் முடிவை மாற்றியது. உங்களிடம் எச்சரித்த நண்பரும் 1 லட்சம் மணி என்று சொன்ன நண்பரும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடிவது இதனால்தான்.

அந்தச் சி7 பேனலில் சிவப்பு வண்ணம்தான் முதலில் அடி வாங்கியது. செய்திச் சேனல்களின் பட்டையும் பிரேக்கிங் எழுத்தும் பெரும்பாலும் சிவப்பு என்பதை நினைத்துப் பாருங்கள். பிறகு வந்த பேனல்களில் சிவப்புத் துணைப் பிக்சலைப் பெரிதாக்கினார்கள். பரப்பு கூடினால் அதே வெளிச்சத்துக்கு ஒவ்வொரு இடத்திலும் பாயும் மின்னோட்டம் குறையும்.

அதே நிறுவனம் பின்னால் 100 டிவிகளை வைத்து இன்னொரு நீண்ட பரிசோதனையையும் நடத்தியது. ஓஎல்இடி டிவிகளில் எதிர்பார்த்தபடி செய்திச் சேனல் நிழல் விழுந்தது. நான் கவனித்தது அதன் மறுபக்கம். ஓரத்தில் மட்டும் எல்இடி விளக்கு வைத்த மெல்லிய எல்சிடி டிவிகள் பலவற்றில் விளக்குகள் செத்தன, ஒளியைப் பரப்பும் பிளாஸ்டிக் தகடு சூட்டில் வளைந்தது, விரிசல் விட்டது. எல்சிடி என்றால் சாகாது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அது வேறு விதமாகக் கெடும். என் மேஜைக்கு வரும் டிவிகளிலும் பேக்லைட் போன எல்சிடிகள்தான் இன்றுவரை அதிகம்.

இப்போது இந்தப் பதிலிலேயே மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஓஎல்இடி டிவி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், அதற்கு நாம் விட்டால். நாலு மணி நேரம் மொத்தமாக ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தீர்கள் என்றால், ஸ்கிரீன் கறுப்பானாலும் உள்ளே ஒரு வேலை தொடங்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் பின்னால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர் தன் அளவிலிருந்து எவ்வளவு நழுவியிருக்கிறது என்று அளந்து, அதற்கு ஏற்ப மின்னழுத்தத்தைத் திருத்தும். சில நிமிஷங்களில் முடிந்துவிடும். ராத்திரி வீடு அமைதியான பிறகு, டிவியை அணைத்துச் சிறிது நேரம் கழித்து அதன் பின்புறத்திலிருந்து 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், கேட்டிருக்கிறீர்களா? அந்த வேலை முடிந்து ரிலே என்ற உள் சுவிட்ச் அணையும் சத்தம் அது. இதைத் தவிர ஏறக்குறைய 2,000 மணிக்கு ஒரு முறை நீண்ட திருத்தம் ஒன்றும் நடக்கும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். தினம் 5 மணி நேரம் பார்த்தால் அது 13 மாதத்துக்கு ஒரு முறை வரும்.

இதெல்லாம் நடக்க டிவிக்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் வேண்டும். மின்சாரம் மிச்சமாகும் என்றோ பாதுகாப்பு என்றோ ராத்திரி சுவரில் இருக்கும் சுவிட்சையே அணைத்துவிட்டுப் படுப்பது பலருக்குப் பழக்கம். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் ஓஎல்இடிக்கு அது கேடு.

என் மாமா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வாங்கி மூன்று வருஷம் ஆன ஓஎல்இடி. "டேய், ஸ்கிரீன் முழுக்க அழுக்குப் படிஞ்ச மாதிரி இருக்கு, வந்து பாரு" என்றார். போனேன். வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுத் திரை முழுக்கக் காட்டினேன். நெடுக்கு நெடுக்காகக் கோடுகள், நடுவில் அன்று காலையில் பார்த்த கிரிக்கெட்டின் ஸ்கோர் பட்டை லேசாக, கீழே செய்தி ஓடும் பட்டை நன்றாகவே. அத்தை தினமும் படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. மூன்று வருஷமாக அந்தச் சின்னத் திருத்தம் பெரும்பாலும் நடக்கவே இல்லை. "அத்தை, ஒரு வாரம் அந்தச் சுவிட்சைத் தொடாதீங்க, ரிமோட்டில் மட்டும் அணையுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அதே சாம்பல் படத்தைப் போட்டோம். கோடுகள் ஏறக்குறைய மறைந்திருந்தன, கிரிக்கெட் பட்டை காணோம். கீழே செய்திப் பட்டை மட்டும் அப்படியே இருந்தது. முழுச் சிவப்புப் படம் போட்டதும் அந்தப் பட்டையின் மேல் விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரித் தெரிந்தது. முதல் இரண்டும் திருத்தினால் போகிற தற்காலிகத் தடம். மூன்றாவது நிஜத் தேய்மானம். அது திரும்பாது. ஒரே ஸ்கிரீனில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது எனக்கும் அன்றுதான்.

இதைப் படித்துவிட்டு மெனுவில் இருக்கும் பிக்சல் ரிஃப்ரெஷ் என்ற நீண்ட திருத்தத்தை வாராவாரம் ஓட்டக் கிளம்பிவிடாதீர்கள். அது மருந்து மாதிரி, அளவு உண்டு. தேய்ந்துபோன பிக்சலுக்கு அது புது உயிர் கொடுப்பதில்லை. மிச்சம் இருக்கும் திறனை எடுத்துத்தான் சமன் செய்கிறது. சோனி தன் கையேட்டிலேயே இதை வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம் என்கிறது. டிவி தானாகச் செய்யும்போது செய்யட்டும். ஓடும்போது திரையில் ஒரு வெள்ளைக் கோடு வந்து போகலாம், பயப்பட வேண்டாம். நடுவில் பிளக்கைப் பிடுங்காமல் இருந்தால் போதும்.

அப்புறம் செட்டிங். டிவிக்குள் லோகோ வெளிச்சத்தைக் குறைப்பது, படத்தை அவ்வப்போது ஒன்றிரண்டு பிக்சல் நகர்த்துவது, அசையாத காட்சி இருந்தால் மெல்ல மங்கச் செய்வது என்று பல பாதுகாப்புகள் இருக்கின்றன. கேம் ஆடுபவர்களுக்கு அந்தத் தானாக மங்குவது எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருந்திருக்கிறது. அதற்காகச் சர்வீஸ் மெனுவுக்குள் போய் அணைக்கும் வழிகளைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில். அந்த மெனுவில் தொடக் கூடாத வேறு பலதும் இருக்கின்றன, வாரன்டிக்கும் சிக்கல் வரலாம். சாதாரணச் சேனல் பார்க்கும்போது பேனல் வெளிச்சத்தைப் பாதிக்குப் பக்கத்தில் வையுங்கள். இருட்டான அறையில் அதுவே தாராளம். எச்டிஆர் படம் (பளிச்சென்ற இடங்களை அதிக வெளிச்சத்தில் காட்டும் வகை) பார்க்கும்போது அது முழு வெளிச்சத்துக்குப் போனால் போகட்டும், அதற்குத்தானே இந்த டிவியை வாங்குகிறோம்? படத்தில் பளிச்சென்ற இடங்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, தேய்மானம் பரவலாகப் போகிறது. படத்தின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளைப் பற்றியும் கேட்பார்கள். பெரும்பாலும் அகலத் திரைப் படங்களே பார்த்தால் அந்தப் பட்டை இருக்கும் இடம் மட்டும் இளமையாக இருக்கும் என்பது தத்துவப்படி சரி. நடைமுறையில் அதனால் பாதிக்கப்பட்ட டிவியை நான் பார்த்ததில்லை, எல்லாம் கலந்துதானே பார்க்கிறோம். கணினித் திரையாகப் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் கீழே இருக்கும் பட்டையை மறைத்து வைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கேம் விஷயத்தில் ஒரே கேமை மாதக்கணக்கில் ஆடுபவரா, மாற்றி மாற்றி ஆடுபவரா என்பதுதான் கேள்வி. மாற்றி ஆடினால் கவலை இல்லை. ஒன்றே கதி என்று ஆடினால் அந்தக் கேமின் செட்டிங்கில், ஒரே இடத்தில் நிற்கும் ஸ்கோர் மாதிரியான திரைக் குறிகளை மங்கலாக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். என் மகன் ஒரே கேமில் இரண்டு வருஷம் கிடந்தான். குறிகளின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. 6,000 மணியைத் தாண்டிய அந்த ஸ்கிரீனில் இன்றும் சாம்பல் படம் சுத்தமாக வருகிறது.

பேனலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்ற பாகங்கள் மறந்துவிடும். நிறைய ஓஎல்இடி டிவிகள் பேனல் நன்றாக இருக்கும்போதே டிவிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் போர்டு போய் நிற்கின்றன. அதில் மின்னூட்டத்தைச் சேமித்துத் தரும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களுக்குச் சூடு எதிரி. பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதி. 2020-இல் தென்கொரியாவில் எல்ஜி, பவர் போர்டு அதிகமாகச் சூடாவதால் சுமார் 60,000 ஓஎல்இடி டிவிகளுக்கு அந்தப் போர்டை இலவசமாக மாற்றிக்கொடுக்க வேண்டி வந்தது. டிவிக்குப் பின்னால் காற்று போக இடம் விடுங்கள், நாலு பக்கமும் மூடிய மர அலமாரிக்குள் புதைத்து வைக்காதீர்கள். போர்டு போனால் மாற்றலாம், செலவு தாங்கக்கூடியது. பேனல் போனால் புது டிவி வாங்கும் செலவில் பெரும்பகுதி அதற்கே போய்விடும், எனவே யாருக்கும் மாற்றச் சொல்லி நான் சிபாரிசு செய்வதில்லை. ஓரத்தில் திடீரென்று ஒரு நேர்கோடு நிரந்தரமாக நின்றால் அது தேய்மானம் இல்லை. பேனல் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்புப் பட்டை விட்டுப்போயிருக்கும். அதையும் வெளியே சரிசெய்வது கடினம்.

தூக்கும்போதும் கவனம் வேண்டும். மேல் பாதி ஒரு சில மில்லிமீட்டர்தான் தடிமன். அந்தக் கண்ணாடி ஓரத்தைப் பிடித்துத் தூக்கி விரிசல் விட்ட டிவிகளைப் பார்க்கும்போது வயிறு எரியும். கீழே போர்டுகள் இருக்கும் தடித்த பகுதியில் ஒரு கையும் பின்புறம் ஒரு கையும் வைத்து, நிமிர்ந்த நிலையிலேயே இரண்டு பேர் தூக்குங்கள். படுக்க வைக்காதீர்கள். விரிசல் வழியாகக் காற்றின் ஈரம் உள்ளே போனால் கறுப்புப் புள்ளிகள் வந்து பரவும். இந்தச் சேர்மங்களுக்கு ஈரமும் ஆக்சிஜனும் ஆகாது என்பதால்தான் பேனலையே காற்றுப் புகாமல் அடைத்து வைக்கிறார்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம்.

பழைய ஓஎல்இடி வாங்குவதாக இருந்தால் படம் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஓடும் படத்தில் எந்த நிழலும் தெரியாது. முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், அப்புறம் நடுத்தரச் சாம்பல் என்று நாலு வெறும் படங்களை ஒவ்வொன்றாகத் திரை முழுக்கப் போடச் சொல்லுங்கள். லோகோ மூலைகளையும் கீழ்ப் பட்டை இடத்தையும் பாருங்கள். பல மாடல்களில் மொத்தம் ஓடிய மணி நேரம் மெனுவில் கிடைக்கும், அதையும் கேளுங்கள். ரொம்ப இருண்ட சாம்பலில் லேசான நெடுக்குப் பட்டைகள் தெரிந்தால் அது புது டிவியிலேயே இருக்கக்கூடியது. உங்கள் டிவியில் வாராவாரம் இந்தப் படங்களைப் போட்டுக் குறை தேடவும் வேண்டாம். நிம்மதியாகப் படம் பார்க்கத்தானே வாங்குகிறீர்கள்?

வாரன்டி அட்டையை வாங்கும் முன்பே படியுங்கள். பர்ன்-இன் சேராது என்று எழுதியிருக்கிறதா, சேரும் என்று எழுதியிருக்கிறதா, பேனலுக்குத் தனியாக எத்தனை வருஷம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு, மாடலுக்கு மாடல் மாறும். விற்பவர் வாயால் சொல்வதை இந்த விஷயத்தில் கணக்கில் எடுக்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது உங்கள் வீடு. ராத்திரி நீங்கள் பார்க்கும் படத்துக்கும் ஆடும் கேமுக்கும் மட்டும் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள், 8 வருஷம் எதிர்பார்க்கலாம், 10 வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பிரச்சினை உங்கள் அப்பா பார்க்கும் சேனல். தினம் 8 மணி நேரம் ஒரே செய்திச் சேனல் என்றால் வருஷத்துக்கு 2,900 மணிக்கு மேல் அதே சிவப்புப் பட்டை அதே இடத்தில். மூன்று வருஷத்தில் கிட்டத்தட்ட 9,000 மணி. எந்தப் பேனலாக இருந்தாலும் அந்தக் கணக்குக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். வெளிச்சத்தைக் குறைத்தால் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது. அதற்காக அவரிடம் போய்ச் சேனலை மாற்றுங்கள், நேரத்தைக் குறையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அவர் பகல் முழுக்க நிம்மதியாகப் பார்க்கும் டிவி அது.

வீட்டில் இப்போது இருக்கும் எல்சிடி நன்றாக ஓடுகிறது என்றால் அதை அப்பா உட்காரும் இடத்திலேயே விட்டுவிட்டு, ஓஎல்இடியை உங்கள் அறையில் மாட்டுங்கள். ஒரே டிவிதான், எல்லோருக்கும் அதுதான் என்றால் ஓஎல்இடி வேண்டாம். பேனலின் பின்னால் முழுக்க விளக்கு பரவியிருக்கும் மினி எல்இடி வகை எல்சிடி ஒன்றை எடுங்கள், ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த மெல்லிய வகையை எடுக்காதீர்கள். கறுப்பு நிறம் ஓஎல்இடியில் வரும் அளவுக்கு ஆழமாக இருக்காது, ராத்திரிப் படத்தில் அது உங்களுக்குத் தெரியும். ஆனால் அப்பாவின் சேனல் லோகோ உங்கள் படத்தின் மேல் வந்து உட்காராது.